நாற்காலி நகரமும் நுண்தூளும்

லண்டன் மாநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், சில்டர்ன் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் அமைந்திருக்கும் ஹை விக்கம் என்னும் ஊர், 1877ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் தம் பிரதம மந்திரி டிஸ்ரேலியை அருகிலிருந்த அவருடைய ஹியூவென்டன் மாளிகையில் காண எழுந்தருளியபோது, கடைவீதிக்குக் குறுக்கே நாற்காலிகளையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைவு கட்டி அவரை வரவேற்றது. வேறோர் ஊராயிருந்தால் இது வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும். ஹை விக்கத்துக்கோ அதுவே இயல்பான மரியாதை. அந்தப் பத்தாண்டில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் அங்கே செய்யப்பட்டன என்று கணக்குச் சொல்வார்கள். அவ்வூர்க் கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர்களுக்கு ‘நாற்காலிப் பையன்கள்’ என்ற பட்டப்பெயர் இன்றளவும் வழங்கிவருகிறது.

வீட்டின் பின்புறத்திலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ சிறு தச்சுப்பட்டறை வைத்துக்கொண்டு, ஓய்வு நாட்களில் மின்சார சாண்டிங் இயந்திரத்தால் பலகையை மெருகேற்றுகிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். அந்த இயந்திரத்திலிருந்து கிளம்பும் தூசியை எப்படி அடக்குவது என்ற பிரச்சினை அவர்கள் அனைவருக்கும் உண்டு. அத்தூசி வெறும் அழுக்கு அன்று, உயிருக்கே ஹானி விளைவிக்கவல்ல வஸ்து என்னும் ஞானம் பெரும்பாலும் ஹை விக்கத்து நாற்காலித் தொழிலாளரின் வியாதியிலிருந்து உலகத்துக்குக் கிடைத்தது என்பதை அவர்களில் பலர் அறியார். தூசியை அடக்கும் சாதனங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குழாயின் விட்டத்தையும் மோட்டாரின் குதிரைசக்தியையும் மட்டுமே பேசி முடித்துவிடுகிறார்கள். அந்தக் குழாய் ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் மனிதர்களின் சரித்திரம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவேண்டியது அவசியமென்று நான் நினைக்கிறேன்.

சில்டர்ன் குன்றுகளில் பீச் மரங்கள் அடர்ந்து வளர்ந்திருந்தன. ‘பாட்ஜர்’ என்று அழைக்கப்பட்ட கடைசல்காரர்கள் அக்காடுகளுக்குள்ளேயே குடில் போட்டுக்கொண்டு, வெட்டிய மரத்தை ஈரம் உலர்வதற்கு முன்பே பிளந்து, நாற்காலிக் கால்களாகக் கடைந்து, ஊருக்குள்ளிருந்த பட்டறைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய கடைசல் இயந்திரத்துக்கு நீராவியும் கிடையாது, சக்கரமும் கிடையாது. தலைக்கு மேலே வளைந்து நீண்ட ஒரு கழியின் நுனியிலிருந்து இறங்கும் கயிறு, கடையவேண்டிய கட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, காலடியிலுள்ள மிதிகட்டையில் முடியும். மிதித்தால் கட்டை கடைகிறவனை நோக்கிச் சுழலும், காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கட்டையைப் பின்னோக்கிச் சுழற்றும். முன்னோக்கிய சுழற்சியில் மட்டுமே உளி மரத்தைத் தொடும். பச்சை மரமாகையால் உளியின் வாயிலிருந்து ஈரமான நீண்ட சுருள்களாகச் சீவல் வந்து காலடியில் குவியுமேயன்றித் தூசி பறப்பதில்லை. ஊருக்குள் நாற்காலியின் ஆசனப்பலகையைக் குடைகிறவன், தரையில் கிடத்திய எல்ம் பலகையைத் தன் இரு பாதங்களாலும் அழுத்திக்கொண்டு, அப்பாதங்களுக்கு இடையிலேயே வாய்ச்சியை வீசிச் செதுக்குவான். கை சற்றே பிசகினால் கால்விரல் போய்விடும். ஆனால் அவன் வேலையிலும் விழுந்தது பெரும்பாலும் செதில்தான். கூரிய ஆயுதம் மரத்தை வெட்டுகிறது. தேய்க்கும் பொருளோ மரத்தை அரைக்கிறது. வெட்டுக்கும் அரைப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்திலிருந்துதான் பின்வரும் கதை முழுவதும் விரிகிறது.

தேய்த்து மெருகேற்றும் வழக்கம் மிகப் புராதனமானது. ஐரோப்பியத் தச்சர்கள் நாய்ச்சுறாவின் சொரசொரப்பான தோலையும், சிலிக்கா படிந்த தண்டுடைய ஒருவகைக் காட்டுச் செடியையும் கையாண்டார்கள்; திருப்பராய்த்துறைக் கோயிலின் தலவிருட்சமாக நாம் வணங்கும் பராய் மரத்தின் இலை, மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து வழவழப்பாக்க நம் தேசத்தில் பயன்பட்டிருக்கிறது. இவை யாவும் கைவசமிருக்கும் வரை மட்டும் உதவும் பொருள்கள். அளவும் தரமும் ஒரே சீராய் இரா. கண்ணாடியைப் பொடித்துச் சலித்துத் தாளில் ஒட்டி, சொரசொரப்பின் அளவுக்கேற்பத் தரம் பிரித்து, தொழிற்சாலைச் சரக்காகவே விற்கும் வியாபாரத்தை 1833ஆம் ஆண்டில் ஜான் ஓக்கி என்பவர் லண்டனில் தொடங்கினார். உப்புத்தாள் இவ்வாறு மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கத் தொடங்கியபின், இழைப்புளியாலும் சுரண்டுதகட்டாலும் பொறுமையாகச் செய்த வேலையின் ஒரு பகுதியைத் தாளே ஏற்றுக்கொண்டது. கையால் தேய்க்கும் வரை தூசிக்கு ஓர் எல்லை இருந்தது: தோள் வலித்தால் கை ஓயும்.

இயந்திரம் ஓய்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுழலும் உருளையிலும் ஓடும் பட்டையிலும் உப்புத்தாளைப் பொருத்திய பெரிய சாண்டிங் இயந்திரங்கள் தொழிற்சாலைகளில் வந்து சேர்ந்தன. காட்டிலே பச்சையாகக் கடையப்பட்ட மரத்தின் இடத்தை, ஈரம் நீங்க உலர்த்திய மரம் பிடித்துக்கொண்டது. உலர்ந்த மரம் தேய்க்கப்படும்போது மாவிலும் மென்மையான பொடியாய்ப் பறக்கும். அக்காலத்து முதலாளிகள் தூசியை அடியோடு அலட்சியம் செய்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. காற்றாடிகளையும் தகரக் குழாய்களையும் அமைத்து அதை உறிஞ்சி வெளியேற்றியவர்கள் உண்டு. 1885ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் ஜான் பின்ச் என்பவர் ‘சைக்ளோன்’ எனப்படும் தூசி பிரிக்கும் கூம்புக்குக் காப்புரிமை பெற்றார். தூசி கலந்த காற்று அந்தக் கூம்பின் பக்கவாட்டில் நுழைந்து சுழலும். கனமான துகள்கள் சுவரோடு ஒதுங்கி அடியிலே விழ, ஓரளவு தூய்மையான காற்று நடுவே மேலேறி வெளியே போகும். மிக எளிய, மிக அழகிய யுக்தி. இன்றும் அது மாறவில்லை. ஆயினும் இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் தீவிபத்துக்கு அஞ்சியும், தரையைச் சுத்தமாக வைக்கவும், மரத்தூளைக் கொதிகலனுக்கு எரிபொருளாக்கவும் செய்யப்பட்டவை. தொழிலாளியின் மூச்சு அந்தக் கணக்கில் முக்கிய இடம் பெறவில்லை.

வைத்திய உலகம் தச்சர்களை முற்றிலும் மறந்திருந்தது என்றும் சொல்ல இயலாது. தொழில்வியாதிகளைப் பற்றி முதல் பெருநூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமசினி, அந்நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிதாகச் சேர்த்த அத்தியாயங்களுள் மரவேலைக்காரர்களுக்கும் ஒன்றை ஒதுக்கினார். ஆனால் சட்டம் வேறு வழியில் சென்றது. பிரிட்டனில் 1922ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட மரவேலை இயந்திர விதிகள், வட்டரம்பத்துக்கும் இழைப்பு இயந்திரத்துக்கும் தடுப்புக் கவசம் இருக்கவேண்டுமென்று வற்புறுத்தின. அது மிக நல்ல காரியம். எத்தனையோ கைவிரல்களை அது காப்பாற்றியிருக்கும். இரத்தம் சிந்தும் ஆபத்து எவர் கண்ணுக்கும் தெரியும். முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து வெளிப்படும் ஆபத்தை, யாராவது ஒருவர் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தாலன்றி அறிய முடியாது.

அப்படிப் பார்த்தவர் எஸ்மி ஹாட்பீல்டு என்னும் பெண்மணி. ஹை விக்கத்தில் காது, மூக்கு, தொண்டை அறுவை வைத்தியராகப் பணியாற்றிய அவரிடம் மூக்குக் குழிகளில் புற்றுநோய் கண்ட நோயாளிகள் வந்தார்கள். அந்த அவயவத்தில் புற்றுநோய் வருவதே அபூர்வம். அதிலும் சுரப்பித் திசுவிலிருந்து கிளம்பும் ‘அடினோகார்சினோமா’ என்ற வகை அபூர்வத்திலும் அபூர்வம். ஒரு வைத்தியர் தம் ஆயுளில் ஒன்றோ இரண்டோ கண்டால் அதிகம். அத்தகைய நோய் ஒரு சிறு பிரதேசத்தில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. நோயாளியின் தொழிலைக் கேட்டால் நாற்காலி, மேசை செய்கிறவர் என்ற விடையே திரும்பத் திரும்ப வந்தது. நோயாளியிடம் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்பது வைத்தியத்தின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. ஆனால் அதன் விடையை அடுத்த நோயாளி வரும்வரை, அதற்கடுத்தவர் வரும்வரை, நினைவில் வைத்திருந்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறவர்கள் சிலரே. ஆக்ஸ்போர்டில் அதே துறையில் வைத்தியராயிருந்த ரொனால்டு மக்பெத் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இந்தச் சங்கதியை வைத்திய உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஓர் ஊரிலே தச்சர்கள் நிறைந்திருந்தால் அங்கே எந்த வியாதிக்காரரைக் கேட்டாலும் தச்சராகத்தான் இருப்பார் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு விடை காணும் பொறுப்பை டொனால்டு ஆச்சிசன் ஏற்றார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்தவர் இவரே. ஆக்ஸ்போர்டுஷயர், பக்கிங்காம்ஷயர் ஆகிய இரு மாவட்டங்களிலும் அந்நோய் கண்டவர்களை ஒவ்வொருவராகத் தேடி, அவர்கள் எந்தக் காலத்தில் எந்தப் பட்டறையில் என்ன வேலை பார்த்தார்கள் என்று விசாரித்து, அப்பிரதேசத்து ஜனத்தொகையோடும் தொழில்வாரிக் கணக்கோடும் ஒப்பிட்டு, மக்பெத்தும் ஹாட்பீல்டும் உடனிருக்க அவர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1967, 1968ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. மரச்சாமான் தொழிலாளரிடையே மூக்கின் அடினோகார்சினோமா பொதுஜனங்களைக் காட்டிலும் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாயிருந்தது. அதுவும் தொழிற்சாலையில் இருந்த எல்லோருக்கும் ஒரேபோல் வரவில்லை. மரத்தை அறுத்தும் கடைந்தும் தேய்த்தும் தூசியின் நடுவே நின்றவர்களிடமே அது கண்டது. ஆகவே குற்றவாளி வார்னிஷும் அன்று, பசையும் அன்று. மரத்தின் தூளே என்பது ஏறக்குறைய நிச்சயமாயிற்று. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நோய் வெளிப்படும் நாள் வரை சராசரியாக ஏறத்தாழ 40 ஆண்டுகள் சென்றிருந்தன. பதினான்கு வயதில் பட்டறைக்குள் நுழைந்த சிறுவன் சுவாசித்ததற்கு, ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பெரியவர் விலை கொடுத்தார். இந்த நீண்ட இடைவெளியே உண்மையை அத்தனை காலம் மறைத்து வைத்திருந்தது.

மூக்கு ஏன் தாக்கப்பட்டது என்பதும் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. மூக்கின் உட்புறத்தை மூடியிருக்கும் சளிப்படலமும், அதன் மேல் இடைவிடாது அசைந்து அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டேயிருக்கும் நுண்மயிர்களும், உள்ளே வரும் துகள்களைப் பிடித்து அப்புறப்படுத்தும் காவலாக இயற்கையில் அமைந்தவை. சற்றுப் பெரிய துகள்கள் நுரையீரல் வரை செல்லாமல் மூக்கிலேயே தங்கிவிடுவதற்கு இதுவே காரணம். மரச்சாமான் தொழிலாளரிடம் அந்த நுண்மயிர்களின் வேகம் குன்றிப்போயிருந்தது என்பதை, ஹாட்பீல்டும் மக்பெத்தும் வேறு சில விஞ்ஞானிகளும் சேர்ந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தூசியைத் தடுக்கவேண்டிய காவலே தூசியால் சோர்ந்துபோயிற்று. பிடித்த துகளை வெளியேற்ற முடியாமல் அதே இடத்தில் நெடுநேரம் வைத்துக்கொண்டது.

பிரிட்டிஷ் அரசாங்கம் விரைந்து செயற்பட்டது. 1969ஆம் ஆண்டிலேயே மரச்சாமான் தொழிலாளரின் மூக்குப் புற்றுநோய் நஷ்டஈட்டுக்கு உரிய தொழில்வியாதியாக அங்கீகரிக்கப்பட்டது. ஜெர்மனி 1988இல் ஓக், பீச் மரத்தூளால் வரும் அதே நோயைத் தன் தொழில்வியாதிப் பட்டியலில் சேர்த்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1995இல் வெளியிட்ட தன் 62ஆம் தொகுதியில், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று ஐயமின்றிக் கொள்ளத்தக்க பொருள்களின் வரிசையில் மரத்தூளை வைத்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் வன்மரத் தூசிக்குச் சட்டம் வகுத்துள்ள எல்லை ஒரு கனமீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராம். பிரிட்டனில் 3 மில்லிகிராம். ஐரோப்பிய எல்லையை ஒரு சிறு பட்டறைக்குப் பொருத்திப் பார்த்தால்தான் அதன் கடுமை விளங்கும். நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறையில் 36 கனமீட்டர் காற்று அடங்கும். அவ்வளவு காற்றிலும் மிதக்கத்தக்க தூசி 72 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு மேசைப்பலகையை இயந்திரத்தால் தேய்க்கும்போது கிராம் கணக்கில் தூள் உதிர்கிறது.

தொழிற்சாலை இவ்வாறு சட்டத்துக்கு உட்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் இயந்திரம் வீட்டுக்குள் குடிபுகுந்தது. அமெரிக்காவின் சிராக்கியூஸ் நகரில் போர்ட்டர்-கேபிள் கம்பெனி, கையிலே தூக்கிச் செல்லத்தக்க பட்டை சாண்டரை 1926இல் வெளியிட்டிருந்தது. பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டில் இல்லத்தாருக்கென்றே மலிவான துளைக்கருவி வரிசையைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் பெஸ்டோ கம்பெனி 1951இல் அதிரும் அடித்தட்டுடைய ஆர்பிட்டல் சாண்டரை விற்றது. யுத்தத்துக்குப் பின் பிரிட்டனில் கூலியாள் கிடைப்பது அரிதாகி, தன் வீட்டு வேலையைத் தானே செய்துகொள்வது ஒரு பெரிய இயக்கமாகவே பரவியபோது, மின்சாரத் துளைக்கருவியின் முனையில் ரப்பர் தட்டைப் பொருத்தி, அதன்மேல் உப்புத்தாளைத் திருகி, கதவையும் அலமாரியையும் தேய்ப்பது சாதாரணக் காட்சியாயிற்று. அந்தத் தட்டுக்கு உறையும் இல்லை, பையும் இல்லை. தொழிற்சாலைத் தொழிலாளியைக் காக்க ஆய்வாளர் இருந்தார், தொழிற்சங்கம் இருந்தது, நஷ்டஈட்டுச் சட்டம் இருந்தது. வீட்டுக் கொட்டகையில் நின்றவருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. தொழில்முறைத் தச்சருக்கு வாழ்நாள் முழுவதும் தூசி; பொழுதுபோக்குத் தச்சருக்கு வாரத்தில் சில மணிநேரம் மட்டுமே என்று ஆறுதல் சொல்லலாம்; அது உண்மையுங்கூட. ஆனால் ஜன்னலைச் சாத்திய சிற்றறையில், உறிஞ்சு குழாய் இல்லாத இயந்திரத்தோடு செலவழிக்கும் அந்தச் சில மணிநேரம், நல்ல தொழிற்சாலையின் பல மணிநேரத்தைவிட மோசமாக இருக்கமுடியும்.

இயந்திரத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட துணிப்பையை முதலில் ஒரு பெரிய முன்னேற்றமாகவே கருதினார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த தூளைப் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாததைத் தன் நெய்யிடைவெளி வழியே மறுபடியும் காற்றில் விட்டது. பட்டறை சுத்தமாகத் தோன்றியதே இதில் பெரிய அபாயம். துகளின் அளவு குறையக் குறைய அது கீழே விழ எடுத்துக்கொள்ளும் நேரம் வெகுவாகக் கூடுகிறது: மனிதத் தலைமயிரின் தடிமனில் ஏழில் ஒரு பங்குள்ள 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் சில நிமிஷங்களில் தரை சேர்ந்துவிடும், 1 மைக்ரான் துகளோ மணிக்கணக்காக மிதந்துகொண்டிருக்கும். விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய், திரும்பிவந்து உட்காருகிறவர் தாம் முன்பு கிளப்பிய தூசியைத்தான் சுவாசிக்கிறார். விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்ததும் எழுந்து வரும்.

ஆகையால் தூசியைப் பிறந்த இடத்திலேயே பிடிப்பதுதான் தீர்வு என்ற கொள்கை, தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. சாண்டரின் அடித்தட்டிலும் அதில் ஒட்டும் வட்டத்தாளிலும் நேருக்கு நேராகத் துளைகள் போட்டு, அவற்றின் வழியே தூளை உறிஞ்சும் ஏற்பாடு பரவியது. 125 மில்லிமீட்டர் தட்டில் எட்டுத் துளைகள் என்பது பலருக்கும் பழக்கமான அமைப்பு. தாளின் துளை தட்டின் துளையோடு பொருந்தாமல் ஒட்டிவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீணாகிவிடும். அவசரக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பின்லாந்தின் மிர்கா கம்பெனி, தாளுக்குப் பதிலாக வலை போன்ற துணியிலேயே தேய்ப்பு மணிகளை ஒட்டி விற்கத் தொடங்கியபின், துளையைப் பொருத்தும் கவலையும் நீங்கியது. தேயும் பரப்பு முழுவதுமே காற்றுக்கு வழிவிட்டது. என் அபிப்பிராயத்தில், தூசி அடக்கும் கலையில் அண்மைக் காலத்தில் நேர்ந்த மிகப் பயனுள்ள மாறுதல் இதுவே. விலை உயர்ந்த மோட்டாரைவிட இது அதிக நன்மை செய்திருக்கிறது.

உறிஞ்சிய தூசி எங்கே போகிறது என்பது அடுத்த விஷயம். 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் துகள்களைத் தடுக்க உருவாக்கப்பட்ட வடிகட்டி, பின்னர் ‘ஹெப்பா’ என்ற பெயரில் ஆஸ்பத்திரிகளிலும் வீட்டு உறிஞ்சிகளிலும் நுழைந்தது; 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்தாக வேண்டும் என்பது அதன் பிரமாணம். ஆனால் அத்தகைய நுண்ணிய வடிகட்டியில் மரத்தூளை நேராகக் கொட்டினால் சிறிது நேரத்தில் அடைபட்டு, உறிஞ்சும் வலு குன்றிப்போகும். எனவே பின்ச் கண்ட அந்தப் பழைய கூம்பையே சிறியதாக்கி, ஒரு வாளியின் மூடிமேல் பொருத்தி, சாண்டருக்கும் உறிஞ்சிக்கும் நடுவே வைக்கிறார்கள். தூளில் மிகப் பெரும்பகுதி வாளியிலேயே விழுந்துவிடும். கூம்பால் பிரிக்க இயலாத மிக நுண்ணிய பகுதி மட்டும் வடிகட்டிக்குப் போய்ச் சேரும். பிளாஸ்டிக் குழாயில் தூசி உராய்ந்து ஓடும்போது நிலைமின்சாரம் சேர்ந்து கையில் சுரீரென்று தாக்குவதுண்டு. அதற்கென்றே மின்கடத்தும் குழாய்களும் கிடைக்கின்றன.

எல்லா மரமும் ஒரே தன்மையுடையதன்று. தேக்கின் தூளும் ஈட்டியின் தூளும் சிலருக்குத் தோல் அழற்சி உண்டாக்குவதை நம் நாட்டுத் தச்சர்கள் வைத்தியர் சொல்லாமலே அறிவார்கள். மேற்கு அமெரிக்கச் செந்தேவதாருவின் தூளில் உள்ள பிளிகேட்டிக் அமிலம் ஆஸ்துமாவை வரவழைக்கும். எம்.டி.எப். பலகையில் மரநாரோடு பார்மால்டிஹைடு கலந்த பிசினும் இருப்பதால், அதன் தூசியில் அந்தப் பிசினும் கலந்திருக்கும்.

மேலே சொன்ன சட்ட எல்லைகள் அனைத்தும் எட்டு மணிநேர வேலைக்குச் சராசரி போட்டு வகுக்கப்பட்டவை. வீட்டுப் பட்டறைக்குள் அளக்க வருவார் ஒருவருமில்லை. அங்கே முறையாக வேலை செய்கிறவர்கள் கைக்கொள்ளும் வரிசை பெரும்பாலும் ஒன்றே. இழைப்புளியும் சுரண்டுதகடும் முடிக்கக்கூடியதை அவற்றாலேயே முடித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் சாண்டரை எடுக்கிறார்கள். குழாயை மாட்டாமல் அதன் விசையை அழுத்துவதில்லை. சாண்டர் நின்றபிறகும் உறிஞ்சியைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் குழாயில் தேங்கியதை இழுத்துவிடுகிறார்கள். பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைக்கிறார்கள். வாளியையும் பையையும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் காலி செய்கிறார்கள். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 முகமூடி குழாய்க்கு மாற்றாக அன்றி, குழாய் தப்பவிட்டதற்குத் துணையாக அணியப்படுகிறது. தாடி வைத்திருப்பவருக்கு அது சரியாகப் பொருந்தாது. தேய்ப்பு முடிந்தவுடன் பலரும் முதலில் கழற்றுவது அந்த முகமூடியைத்தான். மிக நுண்ணிய தூசி அப்போதும் அறையில் மிதந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பையைக் காலி செய்து, மேசையைத் துடைத்து, கதவைத் திறந்து வெளியே வரும்வரை முகமூடி முகத்திலேயே இருக்கவேண்டும்.